1995க்கான ஆதாரம்

மைடா வேல், லண்டன்
2 மார்ச் 2025

மதிப்புக்குரிய பத்மநாதன் அவர்களுக்கு,

சிவமலர் எழுதுவது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன்.

மடாம் லமீஸுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் என்னைத் தெரிகிறது, மத்தியானம் தெரியவில்லை. அவவின் சகோதரன் மகன் காமில் ஜூனில் வந்து, மாதக் கடைசியில் தன்னோடு மொன்றியலுக்குக் கூட்டிப் போகப் போகிறார். பிளாட்டை விற்கிறார்கள். அதற்கு முதல், ஜூன் 7ஆம் திகதி, இங்குள்ள லெபனான்காரர் ஒரு மண்டபம் எடுத்து அவவுக்கு விழா வைக்கிறார்கள். அவ பிறந்ததிலிருந்து பாடினது, நடித்தது எல்லாவற்றையும் ஒரு சின்னப் புத்தகமாக ஆங்கிலத்தில் போட வேண்டுமாம். காமில் என்னைக் கேட்டார். முப்பத்தேழு வருஷம் கூடவே இருந்தவள், எனக்குத்தான் தெரியும் என்றார். தெரியும். ஆனால் எனக்கு இங்கிலிஷ் எழுத வராது. உங்களுக்கு வரும். ஒழுங்காகச் செய்வீர்கள் என்றும் தெரியும்.

செய்ய விருப்பமில்லாவிட்டால் ஒரு வரி எழுதி விடுங்கள். போன் எடுக்க வேண்டாம். மணி அடித்தால் மடாம் நடுங்குகிறா. சண்டைக் காலத்தில் அவவுக்குப் போனில் வந்ததெல்லாம் செத்தவீட்டுச் செய்தி.

இப்படிக்கு,
சிவமலர்


கோலியர்ஸ் வுட், லண்டன்
9 மார்ச் 2025

அன்புள்ள சிவமலருக்கு,

உமது கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அன்றே பதில் எழுதத் தொடங்கினேன். எழுதியது சரியாக வரவில்லை. இது நான்காவது தாள்.

செய்கிறேன். ஆனால் என்னைப் பற்றி உமக்கு நல்ல எண்ணம் அதிகம் இருக்கிறதோ என்று பயப்படுகிறேன். நான் எழுத்தாளன் அல்லன். யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் பன்னிரண்டு வருடம், இங்கே கவுன்சில் நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் பட்டியல்கள் எழுதியவன். எனக்குப் பட்டியல் மட்டுமே வரும். அதனால் அப்படியே செய்ய உத்தேசித்திருக்கிறேன். மூன்று நிரல்கள்: வருடம், நடந்தது, ஆதாரம். ஆதாரம் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை. செத்துப் போகாத ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

முதலில் தெரிய வேண்டியவை: அவர் எந்த வருடம் பிறந்தார்? எந்த ஊர்? முதலில் மேடையேறியது எப்போது, எந்த நாடகத்தில்? நீர் எப்போது அவரிடம் சேர்ந்தீர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உமது வாயால் வர வேண்டும். பழைய நிகழ்ச்சித் தாள்கள், பத்திரிகைத் துண்டுகள் இருந்தால் அனுப்பும்.

இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட. மற்றபடி குறையில்லை. உமது முழங்கால் எப்படி?

அன்புடன்,
பத்மநாதன்


மைடா வேல்
19 மார்ச் 2025

பத்மநாதன் அவர்களுக்கு,

முழங்கால் இருக்கிறது.

பிறந்த வருஷத்தை மடாமிடமே கேட்டேன். நல்ல காலம், காலை நேரம். "எந்தப் புருஷனுக்குச் சொன்ன வருஷம் வேணும்?" என்று கேட்டா. இரண்டு புருஷன்மார். இரண்டு பேருக்கும் வேறு வேறு வருஷம் சொல்லியிருக்கிறா. பாஸ்போட்டில் 1944. ஊர்த் தேவாலயப் புத்தகத்தில் 1941 என்று காமில் சொல்கிறார். உங்கள் நிரலில் எதைப் போடுவீர்களோ, உங்கள் பாடு.

சொந்தப் பெயர் ஒலிவியா. லமீஸ் மேடைக்கு வைத்தது. ஸஹ்லேக்கு மேலே மலையில் ஒரு ஊர். தகப்பன் ரொட்டி சுடுகிறவர். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவாவாம். பதினைந்து வயதில் ஊர்ப் பாதிரியார் பெய்ரூட் வானொலிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே அவவின் மலைப்பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கூட்டுப் பாடலில் மூன்றாம் வரிசையில் நிற்க விட்டார்களாம். ஏழு வருஷம் மூன்றாம் வரிசை.

பிறகு 1964இல், கோடை விழாவில், 'ஆலைக்காரி' என்று ஒரு பாட்டு நாடகம். வரி கேட்டு வருகிறவனோடு ஒரு மாவாலைக்காரி வழக்காடுகிற கதை. அதில் மேடைக்கு உண்மையான கழுதை ஒன்று வர வேண்டும். கதாநாயகி கழுதையைக் கண்டால் மேடையை விட்டு ஓடுகிறா. நெறியாளரோடு சண்டை பிடித்து, அது நிற்கிற மேடையில் நான் நிற்கமாட்டேன் என்று போயே போய்விட்டா. மடாம் மூன்றாம் வரிசையிலிருந்து இறங்கி வந்து கழுதையின் காதைப் பிடித்தாவாம், அது பேசாமல் நின்றதாம். ரொட்டிக்காரனின் மகளுக்குக் கழுதை பெரிய காரியமா? அன்றைக்குத் தொடங்கியது எல்லாம். டமாஸ்கஸ், கெய்ரோ, பிரேசில் வரைக்கும் அந்த நாடகம் போனது. "கழுதைக்கு என்னை விடச் சம்பளம் கூட" என்று இப்பவும் சொல்லுவா.

நான் 88இல் பெய்ரூட்டுக்கு வந்தேன், வீட்டுவேலைக்கு. உங்களுக்குத் தெரியும். 89இல் அவவின் உடுப்புக்காரி சைப்பிரசுக்கு ஓடிவிட்டா. "நீ தைப்பாய்தானே?" என்று கேட்டா. ஓம் என்றேன். அடுத்த நாள் நாடகத்தில் ஏழு உடுப்பு மாற்றம். மிகக் குறுகியது நாற்பது செக்கன். நான் முழங்காலில் இருந்துகொண்டு பாவாடையைக் கிணறு போல விரித்துப் பிடிப்பேன். அவ அதுக்குள் குதிப்பா. நான் கொளுக்கி மாட்டிவிட்டு "ஓம்" என்று சொன்னால்தான் மேடைக்குப் போவா. அரபியில் சொன்னால் போகமாட்டா.

அப்போது நாடகம் பின்னேரம் மூன்று மணிக்கு, ஒரு சினிமாக் கொட்டகையில். ஷெல் கிட்ட விழுந்தால் மடாம் பாட்டை நிறுத்தமாட்டா. பாடிக்கொண்டே மேடையில் சப்பாணி கட்டி இருந்துவிடுவா. சனமும் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் இருந்துவிடும். எல்லாரும் நிலத்தில் இருந்துகொண்டு பாட்டுக் கேட்டார்கள். இதற்கு ஆதாரம் கேட்டால் நான்தான்.

துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

சிவமலர்


கோலியர்ஸ் வுட்
30 மார்ச் 2025

அன்புள்ள சிவமலருக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. கீழ் வீட்டு நிர்மலன் அரபித் துண்டுகளைத் தன் போனில் படம் பிடித்து ஆங்கிலமாக்கித் தருகிறான். "அங்கிள், கழுதைக்கும் ஆதாரம் வேணுமோ?" என்று கேலி செய்கிறான். கழுதைக்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. அதனால் சேர்த்துவிட்டேன். பிறந்த வருடத்துக்கு இரண்டையும் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறேன். நிலத்தில் இருந்து பாட்டுக் கேட்டதையும் சேர்த்தேன். ஆதார நிரலில் உமது பெயர்.

இப்போது அறுபத்தொரு பதிவுகள் இருக்கின்றன. ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வருகின்றன. அந்த ஒன்று 1995.

அந்த வருடம் பெப்ரவரியில் வந்த பத்திரிகை, சண்டைக்குப் பிறகு நடக்கப் போகும் பெரிய கோடை விழா நாடகத்தில் ராணி வேடம் லமீஸுக்கு என்று சொல்கிறது. முழுப் பக்கம். மே மாதப் பத்திரிகையில் அதே வேடத்துக்கு வேறு பெண்ணின் பெயர். ஜூன் 11ஆம் திகதி லமீஸ் எட்ஜ்வெயர் ரோட்டில் ஒரு சாப்பாட்டு மண்டபத்தில் பாடத் தொடங்குகிறார். சனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. ஒன்பது வருடம் அங்கேதான். அதற்குப் பிறகு லண்டன் மேடைகளில் சின்னச் சின்ன வேடங்கள். பெய்ரூட் மேடையில் அவர் மறுபடி ஏறவே இல்லை.

ஏன் என்று மூன்று துண்டுகள் மூன்று காரணம் சொல்கின்றன. குரல் போய்விட்டது என்று ஒன்று. நெறியாளரோடு பகை என்று ஒன்று. காதலன் என்று ஒன்று. மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. ஒருவருடைய தொழில் வாழ்க்கை இரண்டாக முறிகிற இடத்தில் காரணம் வெறுமையாக இருப்பது நல்லதல்ல. உமக்குத் தெரியுமா?

இன்னொன்று. காமில் மடாமைக் கூட்டிப் போனபின் நீர் எங்கே இருப்பீர்? நீர் எழுதவில்லை. எனது பிளாட்டில் இரண்டாவது அறை இருக்கிறது. இப்போது புத்தகப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். அவற்றை அகற்றலாம். சன்னல் தெருப்பக்கம், வெளிச்சம் வரும். நீர் வந்து இருப்பதானால் எனக்குச் சந்தோஷம். இதை நான் சரியான முறையில் கேட்கவில்லை என்று எழுதும்போதே தெரிகிறது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அன்புடன்,
பத்மநாதன்


மைடா வேல்
8 ஏப்ரல் 2025

பத்மநாதன் அவர்களுக்கு,

1995 எனக்குத் தெரியும். எனக்கும் மடாமுக்கும் அவவின் மனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். மனேஜர் செத்துக் கனகாலம். மடாம் மறந்துவிட்டா. அதனால் இப்போது எனக்கு மட்டும்.

அந்த வருஷம் மாசியில் எனக்கு இரண்டாம் தரம் விசா மறுத்தார்கள், உங்களிடம் வருவதற்கு. கடிதத்தை மடாமின் மனேஜர்தான் வாசித்துச் சொன்னார். உறவுக்கு ஆதாரம் இல்லை என்று போட்டிருக்கு என்றார். அப்போது ராணியின் உடுப்பு தைத்து வந்திருந்தது, நீலப் பட்டு. நான் அதை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். அழுதிருக்கிறேன் போல. பட்டில் தண்ணீர்ப் பொட்டு விழுந்து அடையாளமாகிவிட்டது. மடாம் வந்து பார்த்தா. முதலில் பட்டுக்காகக் கத்தினா. நல்ல கத்தல். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

"உன்ரை புருஷன் எங்கை?"

"லண்டனிலை."

"எத்தினை வருஷமாய்ப் பாக்கேல்லை?"

"ஏழு."

"நான் லண்டனுக்குப் போனால் என்னோடை வேலைக்காரி வரலாமோ?"

வரலாம் என்று மனேஜர் சொன்னார். அந்த நேரம் அப்படி ஒரு வழி இருந்தது. எசமானியின் பெயரோடு சேர்த்து விசா அடிப்பார்கள். மடாம் உடனே, "அப்ப எனக்கு லண்டனிலை பாட ஒரு இடம் தேடு" என்றா. மனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ராணி வேஷத்தை விட்டிட்டு ஒரு வேலைக்காரிக்காகவோ?" என்று கேட்டார். மடாம் சொன்னா, "ராணிக்கு ஆள் கிடைக்கும். நாப்பது செக்கனிலை உடுத்திவிட ஆள் கிடைக்குமோ?" பகிடியாகச் சொன்னா. அது பகிடியில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் என்றுதான் வந்தா. நான் உங்களோடு சேர்ந்தவுடன் திரும்பிப் போய் மேடை ஏறுவதாக. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பா, "நேற்றுக் கூப்பிட்டானோ உன்ரை புருஷன்?" என்று. ஞாயிறுகளில் விம்பிள்டன் கோயிலில் இரண்டு மணித்தியாலம் உங்களைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வருவேன். பேப்பர் சரியாகட்டும் என்றீர்கள். ஆறு வருஷம் பேப்பர் சரியாகவில்லை. கோயிலில் கண்டவர்கள் இது யார் என்று கேட்டால், "எங்கடை ஊர் ஆள்" என்றீர்கள். 2001இல் நான் வருவதை விட்டேன், பிறகு எப்போதாவது ஒரு கடிதம், அதுவும் நின்றுபோனது. அதற்குள் பெய்ரூட்டில் மடாமின் இடமும் போய்விட்டது. புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

இதைப் புத்தகத்தில் போட வேண்டாம். எனக்கு வெட்கம்.

அந்த அறை பற்றிக் கேட்டீர்கள். முதலில் நான் கேட்பதற்குச் சொல்லுங்கோ. ஏன் கூப்பிடேல்லை? நான் வீட்டுவேலைக்குப் போனவள் எண்டதாலயோ? மேடைக்காரியோடை இருக்கிறவள் எண்டதாலயோ? இல்லாட்டி 87இல் இடம்பெயர்ந்து ஓடேக்கை கலியாண அல்பத்தை அலுமாரியில் விட்டிட்டு வந்தேனே, அதாலயோ? அது இருந்திருந்தால் விசா தந்திருப்பார்கள் என்று நான் நினைக்காத நாளில்லை.

சிவமலர்


கோலியர்ஸ் வுட்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள சிவமலருக்கு,

இந்தக் கடிதத்தைத் தாமதமின்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு கிழமை ஆகிவிட்டது.

பிழை அல்பத்தில் இல்லை. நீர் பார்த்த வேலையிலும் இல்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

1990 நவம்பர் 14ஆம் திகதி, குரோய்டனில், அகதி விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். அதில் மனைவியின் பெயர், திருமணம் நடந்த இடம், திகதி, பதிவுச் சான்றிதழ் இலக்கம் என்று கேட்டிருந்தது. எங்களுக்குக் கோயிலில்தான் கலியாணம் நடந்தது. அந்த வருடம் பதிவுக் கந்தோர் பூட்டிக் கிடந்தது. பிறகு பதியலாம் என்று இருந்தோம், பதியவில்லை. எனவே இலக்கம் இல்லை. நான் பன்னிரண்டு வருடம் காணிக் கந்தோரில் இருந்தவன். இலக்கம் இல்லாத காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவருகிறவனை, அவன் சொல்வது உண்மை என்று தெரிந்துகொண்டே திருப்பி அனுப்பியவன். நிரூபிக்க முடியாத ஒன்றை ஓர் அரசாங்கத் தாளில் எழுதினால் முழு விண்ணப்பமும் பொய்யாகிவிடும் என்று பயந்தேன். மொழிபெயர்க்க வந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார், "அண்ணை, மனிசி இருந்தா பேரை எழுதுங்கோ. இலக்கத்தைப் பிறகு பாப்பம்." நான் திருமணமாகாதவர் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன்.

அவர்கள் உமக்கு மறுத்தது அதனால். நான் மனைவி இல்லை என்று எழுதியிருக்கும்போது, மனைவி என்று ஒருவர் விண்ணப்பித்தால் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அல்பம் இருந்திருந்தாலும் மறுத்திருப்பார்கள். நீர் ஏன் என்று கேட்டு எழுதியபோது, இங்கத்தைச் சட்டம் அப்படி என்று பதில் எழுதினேன்.

நீர் 1995இல் வந்து இறங்கிய பிறகு பயம் கூடியது. நீர் என் வீட்டில் இருப்பதை யாராவது அறிந்தால், நான் முதலில் எழுதியது பொய் என்று வரும், இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் முதல் தாளில் உள்ளபடியே எழுத வேண்டியிருந்தது. அல்லது எழுத வேண்டியிருந்தது என்று நினைத்தேன். கோயிலில் "ஊர் ஆள்" என்று சொன்னதும் அதனாலேயே. வெட்கத்தினால் அல்ல. பயத்தினால். இரண்டில் எது மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் லண்டன் வந்து சேர்ந்ததே நீர் பெய்ரூட்டில் உழைத்து அனுப்பிய காசில். இதையும் எழுதாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது.

லமீஸ் மேடையை விட்டது என்னால் என்று உமது கடிதத்தை வாசித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அறையைப் பற்றி இனிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பத்மநாதன்


மைடா வேல்
30 ஏப்ரல் 2025

உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன்.

முப்பது வருஷம் நான் அந்த அல்பத்தை நினைச்சு அழுதிருக்கிறன். கனவிலை திரும்பித் திரும்பிப் போய் அந்த அலுமாரியைத் திறந்திருக்கிறன். ஒரு நாள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசல்லை வைச்சு, "சிவமலர், பிழை என்னிலை" எண்டு சொல்லியிருந்தா என்ன? நான் உங்களைக் கடிச்சா திண்டிருப்பன்? பயந்தாங்கொள்ளி எண்டு ஏசியிருப்பன். ஏசிப்போட்டு, என்ன செய்யலாம் எண்டு ரெண்டு பேருமா யோசிச்சிருப்பம். மடாம் வழி கண்டுபிடிச்சிருப்பா. அந்த மனிசி ஒரு கழுதைக்கே வழி கண்டுபிடிச்சவ.

அவவைப் போய்ப் பாத்தன். சோபாவிலை இருந்து வாய்க்குள்ளை ஏதோ பாடிக்கொண்டிருந்தா. என்னைப் பாத்து, "புதுப் பிள்ளையோ நீ?" எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

இனி எழுத வேண்டாம். புத்தகத்தை முடிச்சுக் காமிலுக்கே அனுப்புங்கோ.


கோலியர்ஸ் வுட்
18 மே 2025

அன்புள்ள சிவமலருக்கு,

எழுத வேண்டாம் என்றீர். புத்தகம் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருப்பதால் எழுதுகிறேன். பதில் தேவையில்லை.

1995க்கான பதிவை எழுதிவிட்டேன். பதினோராம் தரம் எழுதியது இது, தமிழில் தருகிறேன்:

"கோடை விழாவின் ராணி வேடத்தைத் துறந்து லண்டன் வந்தார். தம்மிடம் உடை அலங்கரிப்பவராகப் பணியாற்றிய பெண்ணை, லண்டனில் இருந்த அவரது கணவரிடம் சேர்ப்பதே இதன் காரணம். வேறு வழியில் அப்பெண் வர முடியாதிருந்தது. ஏனெனில் அக்கணவர், சோ. பத்மநாதன், தமக்கு மனைவி இருப்பதை அதிகாரிகளிடம் மறைத்திருந்தார். வந்த பிறகும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. லமீஸ் ஒரு வருடத்தில் திரும்புவதாக இருந்தார், இதனாலேயே திரும்பவில்லை. குரல் போனதாக எழுதப்பட்டது தவறு."

ஆதார நிரலில்: "மேற்சொன்ன கணவரின் ஒப்புதல்."

போட வேண்டாம், வெட்கம் என்று நீர் எழுதியதை மறக்கவில்லை. அதனால் உமது பெயரை எடுத்துவிட்டேன். இந்தப் பதிவில் மட்டுமல்ல, முழுப் புத்தகத்திலும். வெட்கம் என் பெயரோடு மட்டும் நிற்கட்டும்.

காமில் 6ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மொன்றியலிலிருந்து போனில் பேசினார். மரியாதையான மனிதர். "ஐயா, இது என் அத்தையின் வாழ்க்கை, உங்கள் வாழ்க்கை அல்ல" என்றார். அந்தப் பதிவை நீக்கி, சொந்தக் காரணங்களுக்காக லண்டன் வந்தார் என்று போடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று இரண்டு நாள் யோசித்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒரு விதத்தில் என்னை முன்னுக்குத் தள்ளுவதுதானோ என்றும் யோசித்தேன். அதற்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் குரல் போனதால் ஓடி வந்தவர் என்று முப்பது வருடம் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காரணத்தை வெறுமையாக விட்டால் அதுதான் நிலைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமையே காமிலுக்கு எழுதினேன். பதிவு இருந்தால் நாற்பத்திரண்டு பக்கமும் அவருடையவை. இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு பக்கத்தையும் திருப்பித் தரட்டும் என்று. இப்படி நான் யாருக்கும் எழுதியதில்லை. தபாலில் போட்டபின் நெடுநேரம் தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நேற்று அவர் போனில் பதில் சொன்னார். பதிவு இருக்கும்.

சட்டத்தரணி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், நானும் கேட்டிருப்பேன்.

பத்மநாதன்


மைடா வேல்
10 ஜூன் 2025

இஞ்சருங்கோ,

விழாவுக்கு நீங்கள் வந்ததைக் கண்டன். கடைசி வரிசையிலை ஓரத்துக் கதிரை. கோட்டைக் கழட்டவேயில்லை. சிற்றுண்டிக்கு முதலே போயிட்டீங்கள்.

மடாம் சந்தோஷமாக இருந்தா. எதற்கு என்று தெரியாது, ஆனால் இருந்தா. ஒரு பிள்ளை 'ஆலைக்காரி' பாட்டைப் பாடியபோது மண்டபமே அழுதது. மடாம் மட்டும் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "மூச்சை முந்தி எடுக்குது, ரெண்டாம் வரிக்குக் காணாது" என்றா. சொன்னபடியே இரண்டாம் வரியில் மூச்சு முட்டியது. காமிலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன.

புத்தகம் வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டது. இருநூறு பிரதி. அந்தப் பக்கத்தைக் காமிலிடம் கொடுத்து அரபியில் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். பெயரை எடுத்துவிட்டதாக நீங்கள் எழுதியிருந்தும், நம்பாமல் பிறகு கேட்டேன், "என்ரை பேர் எங்கை?" என்று. அதில் இல்லை என்றார். வேறு எந்தப் பக்கத்தில் என்றேன். எங்கேயும் இல்லை என்றார்.

பத்மநாதன் எண்டு உங்கட பேர் இருக்கு. மனேஜரின்ரை பேர் இருக்கு. கழுதையின்ரை படம் இருக்கு. நான் "ஒரு பெண்".

நீங்கள் ஒரு தாளிலை என்ரை பேரை எழுதாமல் விடுறது இது ரெண்டாந்தரம்.

வெட்கம் எண்டு எழுதினது நான்தான், ஓம். அது உங்கட கடிதம் வரமுதல். வந்தபிறகு நான் என்னத்துக்கு வெட்கப்பட? திருப்பி ஒருக்கால் என்னட்டைக் கேட்டிருக்கலாம். நீங்கள் கேக்கமாட்டீங்கள். நீங்களே யோசிச்சு, நீங்களே பயந்து, நீங்களே முடிவெடுப்பீங்கள்.

வியாழன் பின்னேரமும் வெள்ளி முழுநாளும் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். இருநூறு பிரதியிலும், முப்பத்தோராம் பக்கத்தில், அந்தப் பதிவுக்குப் பக்கத்தில், பேனையால். சிவமலர் பத்மநாதன். தமிழில்தான். ஆதாரம் கேட்கிறவை என்னட்டை வரட்டும். மடாம் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பிரதியாக எடுத்து எடுத்துத் தந்தா. ஓட்டோகிராப் போடுகிறேன் என்று நினைத்துவிட்டா. "நல்லாய்ப் போடு, சனம் காத்துக்கொண்டு நிக்குது" என்றா.

நீங்கள் வாசலில் ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததைக் கண்டேன். கனநேரம் பார்த்தீர்கள்.

காமில் என்னையும் வரச் சொல்லுகிறார். 24ஆம் திகதி மடாமோடு போகிறேன். ஆறு மாதத்துக்குத்தான் அங்கே இருக்க விடுவார்களாம். அவவுக்கு என் பெயர் தெரியாது. ஆனால் குளிக்க வார்க்கிறதும் உடுத்திவிடுகிறதும் நான் இல்லாவிட்டால் விடமாட்டா. ராணி வேஷத்தை எனக்காக விட்ட மனிசியை ஆறு மாதத்துக்காவது நான் பார்க்க வேண்டும். மார்கழிக்குப் பிறகு என்ன என்று இப்ப எழுத ஏலாது. அந்த அறைக்கு ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. பெட்டிகளை அவசரப்பட்டு அகற்ற வேண்டாம்.

மடாமின் மேடை உடுப்புகள் முப்பத்தாறு இருக்கின்றன. தனி ஆளாய் மடிக்க ஏலாது. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து மடிக்க வேண்டும். என்ரை முழங்காலும் இப்ப சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாங்கோ. மணியை அடிக்காமல் கதவைத் தட்டுங்கோ. சாப்பிட்டிட்டு வராதேங்கோ.

சிவமலர்